சேதத்தின் எழுத்து: டொர்னாடோ, பதிவேடு, வீடு

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் போன வருஷம் ஒரு சந்தேகத்தோடு வந்தார். ‘டொர்னாடோ’வுக்குத் தமிழில் என்ன போடலாம்?

“சூறாவளின்னு போடுங்க.”

“அதைத்தான் சைக்ளோனுக்குப் போட்டுத் தொலைச்சாச்சே.”

“அப்ப சுழல்காற்று?”

“அது சித்திரை மாசம் தெருவுல குப்பையைச் சுத்திக்கிட்டுப் போகுமே, அதுக்கு. இது வீட்டையே சுத்திக்கிட்டுப் போறதுய்யா.”

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது சொல் பிரச்சினை. அகராதிகளைப் புரட்டி இரண்டு நாளில் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. சொல்லைத் தேடிப் போனவன் அளவுகோலில் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்து பதிவேட்டுக்கும், பதிவேட்டிலிருந்து வீட்டுக்கும் வந்து சேர்ந்தேன். கவிதையும் அரசியலும் பேசுகிற இந்தப் பக்கங்களில் காற்றுக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ‘இயற்கை’ என்று சொல்லி நாம் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிற இடத்தில்தான் அதிகாரம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். டொர்னாடோ பதிவேடு என்று அமெரிக்காவில் இருப்பது காற்றின் பதிவேடு அல்ல. அது வீடுகளின் பதிவேடு. யாருடைய வீடு எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அது காற்றின் பெயரில் எழுதி வைத்திருக்கிறது.

1. சொல்

‘சைக்ளோன்’ என்ற சொல்லை உண்டாக்கியவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். 1848இல் வெளிவந்த தன் நூலில், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். வங்கக் கடல் புயலுக்காகப் பிறந்த சொல் கப்பலேறி அமெரிக்கா போய், கான்சாஸ் சமவெளியில் டொர்னாடோவுக்குப் பேராகிவிட்டது. விவசாயிகள் வீட்டுப் பக்கத்தில் வெட்டிவைத்த நிலவறைக்கு ‘சைக்ளோன் செல்லர்’ என்றுதான் பேர். 1900இல் பிராங்க் பாம் எழுதிய ஆஸ் நாட்டு மந்திரவாதி கதையில் டாரத்தியின் வீட்டைத் தூக்கிக்கொண்டு போவதும் கதைப்படி ‘சைக்ளோன்’தான். ஆக, குழப்பம் நம்முடையது மட்டும் இல்லை.

இரண்டும் வேறு வேறு. புயல் கடலில் பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து, நாள்கணக்கில் நகர்ந்து வருவது. டொர்னாடோ இடிமேகத்தின் வயிற்றிலிருந்து தரைக்கு இறங்குகிற சுழலும் காற்றுத் தூண். மெக்ஸிகோ வளைகுடாவின் ஈரக்காற்று கீழே, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று மேலே, உயரம் கூடக் கூடக் காற்று திசையும் வேகமும் மாறுகிறது. இது மூன்றும் கூடினால் மேகமே சுழல ஆரம்பிக்கும். அப்படிச் சுழலும் மேகங்களில் சிலதான் டொர்னாடோவை இறக்கும். பெரும்பாலானவை சில நிமிஷங்களில் முடிந்துவிடும். அகலமும் சில நூறு மீட்டருக்குள்தான். புயலுக்கு நாள்கணக்கில் எச்சரிக்கை உண்டு. இதற்கு, இவ்வளவு ராடாரும் கணினியும் வந்த பிறகும், பத்து நிமிஷம் முன்னே பின்னே.

1880களில் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்த ஜான் பின்லி டொர்னாடோக்களை முன்கூட்டிச் சொல்ல முயன்றார். கொஞ்ச நாளில் அந்தச் சொல்லையே முன்னறிவிப்பில் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். ஜனங்கள் பீதியடைவார்களாம். அரைநூற்றாண்டு இந்தத் தடை நீடித்தது. அந்த இடைக்காலத்தில்தான், 1925 மார்ச் 18இல், மிசௌரி, இலினாய், இண்டியானா மூன்று மாநிலங்களைக் கிழித்துக்கொண்டு மூன்றரை மணி நேரம் ஓடிய டொர்னாடோ 695 பேரைக் கொன்றது. அமெரிக்கச் சரித்திரத்தில் இதற்கு மேல் கொன்ற டொர்னாடோ இல்லை. அன்றைய வானிலை அறிக்கையில் அந்தச் சொல் இல்லை.

தடை உடைந்த விதத்தையும் பாருங்கள். 1948 மார்ச் 20இல் ஒக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் டொர்னாடோ புகுந்து விமானங்களை நொறுக்கியது. மேலதிகாரிகள் கேட்க, பாபுஷ், மில்லர் என்ற இரண்டு வானிலை அதிகாரிகள் உட்கார்ந்து காரணங்களைத் தேடினார்கள். ஐந்து நாள் கழித்து, மார்ச் 25இல், அதே நிலைமை திரும்ப வருவதைக் கண்டு முன்னறிவிப்புக் கொடுத்தார்கள். அன்று மாலையே தளத்தில் டொர்னாடோ இறங்கியது. முதல் வெற்றிகரமான முன்னறிவிப்பு இதுதான். காப்பாற்றப்பட்டது விமானங்கள். பொதுமக்களுக்கு இப்படிப்பட்ட முன்னறிவிப்புக் கிடைக்க 1952 வரை ஆனது.

2. அளவுகோல்

டொர்னாடோவை அளக்கிற முறையைத் தந்தவர் தெத்சுயா புஜிதா. ஜப்பானின் கியூஷு தீவுக்காரர். 1945இல் அணுகுண்டு விழுந்து சில வாரங்களில் நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய், மரங்கள் எரிந்து சாய்ந்திருந்த திசைகளைக் குறித்துக்கொண்டவர். சேதத்தைப் பார்த்து அதற்குக் காரணமான சக்தியைப் பின்னோக்கி எழுதுவது — அந்தப் படிப்பைத்தான் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். 1971இல் தன் அளவுகோலை வெளியிட்டார். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை.

டொர்னாடோவுக்குள் காற்றுமானியை வைக்க முடியாது; வைத்தால் கருவியே மிஞ்சாது. அதனால் போன பிறகு போய், என்ன விழுந்தது, எது நின்றது என்று பார்த்து, காற்று இவ்வளவு வேகமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறார்கள். 2007இல் திருத்திய அளவுகோல் வந்தது. அதில் 28 ‘சேதக் குறிகள்’. வீடு, பள்ளிக்கூடம், மோட்டல், களஞ்சியம், மின்கம்பம், இரண்டு வகை மரம். இந்த 28 சாட்சிகள் சொல்வதுதான் தீர்ப்பு.

அப்படீன்னா சாட்சியே இல்லாத இடத்தில்? 2013 மே 31இல் ஒக்லஹோமாவின் எல் ரீனோ பக்கம் இறங்கிய டொர்னாடோ 4 கிலோமீட்டருக்கும் மேல் அகலம். நடமாடும் ராடார் அதற்குள் மணிக்கு ஏறத்தாழ 300 மைல் வேகத்தைப் பதிவு செய்தது. முதலில் ஐந்து என்று போட்டார்கள். பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். ராடார் பொய் சொல்லவில்லை. காற்று போன வழி பெரும்பாலும் வயல்வெளி. ஐந்து என்று சொல்ல அங்கே வீடு இல்லை. அதில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். அவர்களில் மூவர் டொர்னாடோக்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள்.

2013 மே 20இல் மூர் நகரை அழித்ததற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஐந்தாம் படி டொர்னாடோவே பதிவாகவில்லை. 2025 ஜூன் 20இல் வட டகோட்டாவின் எண்டர்லின் பக்கம் அடித்ததைத்தான் சில மாதங்கள் கழித்து ஐந்துக்கு உயர்த்தினார்கள். சாட்சி எது தெரியுமா? தூக்கி எறியப்பட்ட ரயில் வண்டிப் பெட்டிகள். 28இல் இல்லாத சாட்சி. அப்படியானால் இடைப்பட்ட பன்னிரண்டு வருஷமும் காற்று சாதுவாக இருந்ததா? ராடார் அளவுகளையும் சேதமதிப்பீட்டையும் ஒப்பிட்டு 2021இல் வெளிவந்த ஆய்வு, சராசரியாக ஒரு படிக்கும் மேலாகக் குறைத்துத்தான் மதிப்பிடப்படுகிறது என்கிறது.

புஜிதா மீது எனக்குக் குறையில்லை. வேறு வழியில்லாத இடத்தில் ஒரு வழி கண்டவர். ஆனால் ஒரு வாசிப்பு முறை காலப்போக்கில் தான் ‘வாசிப்பு’ என்பதை மறைத்துக்கொண்டு ‘உண்மை’யாகிவிடுவது இலக்கியத்தில் மட்டும் நடப்பதில்லை.

3. பதிவேடு

அமெரிக்காவின் அதிகாரபூர்வ டொர்னாடோ பட்டியல் 1950இல் தொடங்குகிறது. அந்த வருஷக் கணக்கு 201. இப்போது வருஷத்துக்கு 1,200 அளவில். காற்று ஆறு மடங்கு வெறிபிடித்துவிட்டதா? இல்லை. 1990களில் டாப்ளர் ராடார் நாடு முழுக்க வந்தது. பார்த்துச் சொல்கிற தன்னார்வலர்கள் பெருகினார்கள். ஊர்கள் வயல்களுக்குள் விரிந்தன. எல்லார் கையிலும் கேமரா. கூடியது பெரும்பாலும் பலவீனமான டொர்னாடோக்களின் எண்ணிக்கை. கடுமையானவற்றின் எண்ணிக்கையில் அப்படி ஏற்றம் தெரியவில்லை. வளர்ந்தது பார்வைதான்.

1971இல் வந்த அளவுகோலைக் கொண்டு 1950இன் காற்றுக்கு எப்படி மதிப்பெண் போட்டார்கள்? 1970களின் பிற்பாதியில் மாணவர்களைக் கூலிக்கு அமர்த்தி, பழைய செய்தித்தாள்களைப் படித்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். பணம் கொடுத்தது அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். அணு உலையை எவ்வளவு காற்றுக்குத் தாங்கும்படி கட்டுவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. முன்னறிவிப்பு விமானங்களுக்காக; பதிவேடு அணு உலைக்காக. ஜனங்களின் வீடு இரண்டிலும் ஓரத்தில் நிற்கிறது. நிருபர் எழுதிய பிரதி, அதன் மேல் மாணவர் எழுதிய மதிப்பெண், அதன் மேல் நிபுணர் வரையும் வரைபடம். நிருபர் போகாத ஊர், எழுதத் தகுதியானது என்று அவர் நினைக்காத குடியிருப்பு இந்த அடுக்குக்குள் வரவே வராது.

1950க்கு முன்னால் போனால் இன்னும் மோசம். 1840 மே 7, மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸ். கணக்கில் 317 சாவு. பெரும்பாலோர் ஆற்றில் படகுகளில் இருந்தவர்கள். கரையோரத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் சாவு அந்த எண்ணில் முழுதாகச் சேரவில்லை என்பது பின்வந்த ஆய்வாளர்கள் கருத்து. அடிமை செத்தால் அது தோட்டக்காரரின் சொத்துக் கணக்கில் நஷ்டம். சாவுக் கணக்கில் ஆள் அல்ல. அடிமைமுறை ஒழிந்து எழுபது வருஷம் கழித்து, 1936 ஏப்ரல் 5இல், அதே மாநிலத்தின் டுபெலோ. 216 என்றும் 233 என்றும் இரண்டு எண் வழங்குகிறது. காயம்பட்ட கறுப்பின மக்களின் பெயர்களைச் செய்தித்தாள்கள் வெளியிடவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களில் யார் பிறகு செத்தார்கள் என்று தொடர்ந்து பார்க்க வழியில்லாமல் போயிற்று. காற்றுக்கு நிறம் தெரியாது என்பார்கள். பேனாவுக்குத் தெரியும்.

4. நகராத ‘நகரும் வீடு’

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ‘மொபைல் ஹோம்’ என்று ஒன்று உண்டு. தொழிற்சாலையில் இரும்புச் சட்டத்தின் மேல் கட்டி, லாரியில் இழுத்து வந்து நிறுத்துகிற வீடு. நிறுத்திய பிறகு பெரும்பாலும் நகராது. வங்கிக் கடனில் முறையான வீடு வாங்க முடியாதவர்கள் — தொழிலாளிகள், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள், குடியேறிகள் — இதில் இருக்கிறார்கள். பல இடங்களில் வீடு சொந்தம், கீழே உள்ள மண் வாடகை. நாட்டின் மொத்த வீடுகளில் இவை நூற்றுக்கு ஆறு, ஏழுதான். ஆனால் டொர்னாடோவில் வீட்டுக்குள் செத்தவர்களில் பாதிக்கு மேல் இவற்றில் செத்தவர்கள்.

மேலே சொன்ன அளவுகோலை இங்கே கொண்டுவாருங்கள். ஒற்றை மொபைல் ஹோம் முழுக்க அழிந்து, துண்டுகள் பறந்துபோய்விட்டால் அதிலிருந்து ஊகிக்கப்படும் வழக்கமான வேகம் மணிக்கு 127 மைல். அது இரண்டாம் படி. நன்றாகக் கட்டிய வீடு அடித்தளத்தோடு துடைத்தெடுக்கப்பட்டால் 200 மைல். ஐந்தாம் படியின் வாசல். ஆக மொபைல் ஹோம்கள் மட்டும் இருக்கும் ஒரு குடியிருப்பின் மேல் எப்பேர்ப்பட்ட காற்று போனாலும், அந்த வீடுகளை மட்டும் சாட்சியாக வைத்து ஐந்து என்று எழுத முடியாது. அவர்களுக்கு எல்லாமே போய்விட்டது, பதிவேட்டில் ‘இரண்டு’. சீக்கிரம் விழுந்துவிட்டதால் அவர்கள் சாட்சி சொல்லத் தகுதியில்லாதவர்களாகிறார்கள். அளவுகோலின் தர்க்கப்படி இது தப்பே இல்லை. 127 மைலில் விழுந்துவிடுகிற ஒன்றால் 200 மைலைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும்? தப்பில்லாமலே அநியாயம் நடக்கிற இடம் இதுதான்.

பதிவேடு ஆபத்து வரைபடமாகிறது. வரைபடம் கட்டட விதியாகிறது. அமெரிக்கப் பொறியாளர்களின் தேசிய தரநிலையில் டொர்னாடோவுக்கான கணக்கீடு முதன்முதலாக 2022 பதிப்பில் வந்தது. வந்ததும் பள்ளி, மருத்துவமனை போன்ற முக்கியக் கட்டடங்களுக்குத்தான். சாதாரண வீடு அதில் சேராது. மொபைல் ஹோமுக்குத் தனி மத்திய விதி 1976இலிருந்து உண்டு. 1992இல் ஆண்ட்ரூ புயல் புளோரிடாவில் ஆயிரக்கணக்கான இந்த வீடுகளை நொறுக்கிய பிறகு, 1994இல் கடலோரப் பகுதிகளுக்கு விதியை இறுக்கினார்கள். டொர்னாடோ அடிக்கிற உள்நாட்டுப் பகுதி பெரும்பாலும் மிகக் குறைந்த காற்றுப் பலம் கேட்கும் முதல் மண்டலத்திலேயே நிற்கிறது.

2019 மார்ச் 3இல் அலபாமாவின் லீ கவுண்டியில் 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தகைய வீடுகளில் இருந்தவர்கள். பிறகு போய்ப் பார்த்த பொறியாளர்கள் எழுதியது, நங்கூரக் கம்பிகளும் பட்டைகளும் துருப்பிடித்திருந்ததை, சில இடங்களில் இல்லவே இல்லாததை. வீட்டை மண்ணோடு பிணைக்க வேண்டிய ஒரு பட்டை. ‘இயற்கைப் பேரிடர்’ என்ற பெரிய சொல்லுக்கு அடியில் கிடப்பது பல சமயம் இந்தத் துருதான்.

மொபைல் ஹோமில் இருப்பவர்களுக்கு வானிலைத்துறை சொல்கிற அறிவுரை: வெளியேறுங்கள், உறுதியான கட்டடத்துக்குப் போங்கள். சரியான அறிவுரை; உயிர் காக்கும். ஆனால் ஓர் அரசாங்கம் தன் குடிமக்களில் ஒரு பகுதியைப் பார்த்து, “காற்று வந்தால் உங்கள் வீடு வீடல்ல” என்று சொல்கிறது என்பதும் அந்த வரியில் இருக்கிறது. வெளியேறி எங்கே போவது? ராத்திரி இரண்டு மணிக்கு, பத்து நிமிஷத்தில், காரில்லாத கிழவி எங்கே போவாள்? மினசோட்டா மாநிலத்தில் 1988க்குப் பின் உரிமம் பெற்ற, பத்து வீடோ அதற்கு மேலோ உள்ள மொபைல் ஹோம் பூங்காக்களில் புகலிடம் இருக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. அலபாமா போன்ற தென்மாநிலங்களிலோ இந்த வீடுகளில் பல பூங்காவில் இல்லை, கிராமப்புறத்தில் ஒற்றை ஒற்றையாகச் சிதறிக் கிடக்கின்றன. பூங்காவுக்குப் போட்ட சட்டம் அவர்களை எட்டாது.

5. நின்ற அறை

வழியே இல்லையா? இருக்கிறது, அதையும் சேதத்திலிருந்துதான் படித்தார்கள். 1970 மே 11இல் டெக்ஸாஸின் லபக் நகரை டொர்னாடோ அடித்து 26 பேர் இறந்தார்கள். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள் இடிபாடுகளை ஆராயத் தொடங்கினார்கள். அதிலும் பின்வந்த அழிவுகளிலும் திரும்பத் திரும்பக் கண்டது, கூரை போய், வெளிச்சுவர் போய், நடுவில் ஒரு சின்ன அறை, குளியலறையோ துணி அலமாரியோ, அப்படியே நிற்பதை.

வீடு எப்படி விழுகிறது என்பதும் தெளிவாயிற்று. முன்பெல்லாம் உள்காற்றழுத்தத்தால் வீடு வெடிக்கும், அதனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். தப்பு. ஜன்னலோ கார்க் கொட்டகைக் கதவோ உடைந்து காற்று உள்ளே புகுகிறது. உள்ளிருந்து தள்ளுகிறது, மேலே ஓடும் காற்று கூரையை உறிஞ்சுகிறது. ஆணியில் மட்டும் நிற்கும் கூரை கழன்றுவிடுகிறது. கூரையின் பிடி போனதும் சுவர் சாய்கிறது. கூரையைச் சுவரோடு பிணைக்கச் சின்ன உலோகப் பட்டைகள், சுவரை அடித்தளத்தோடு பிணைக்கப் போல்ட்டுகள் — பெரும்பாலான டொர்னாடோக்களுக்கு இவையே வித்தியாசத்தை உண்டாக்கும். மூர் நகரம் 2014இல் புது வீடுகள் 135 மைல் காற்றைத் தாங்க வேண்டும் என்று விதி போட்டது. அதற்கு முந்தின வருஷம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் புகலறை இல்லாமல் ஏழு குழந்தைகள் செத்திருந்தார்கள்.

மிஞ்சுகிற பெருங்காற்றுக்குப் புகலறை. 250 மைல் காற்றுக்கு வடிவமைத்து, 15 பவுண்டு மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் எறிந்து சோதித்த அறை. 1998இல் மத்திய அரசே வரைபடத்தை வெளியிட்டது. அறிவு இருக்கிறது. எவருக்குச் சொந்த மண் இருக்கிறதோ அவர் கட்டிக்கொள்கிறார். மண் வாடகை கொடுப்பவர் யார் மண்ணில் தோண்டுவார்?

6. முழு எண்

உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்றதாக உலக வானிலை அமைப்பு பதிந்திருக்கும் டொர்னாடோ அமெரிக்காவில் நடந்ததல்ல. 1989 ஏப்ரல் 26, வங்கதேசம், மாணிக்கஞ்ச் மாவட்டம். ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். 80,000 பேர் வீடிழந்தார்கள். மூங்கில் தட்டியும் தகரமும் கொண்ட வீடுகள். தகரம் பறந்தால் அதுவே கத்தி.

இந்த எண்ணைக் கவனியுங்கள். 695 என்பது ஒவ்வொருவராக எண்ணியது. 1,300 என்பது யாரோ மொத்தமாகச் சொன்னது. ஏழைகளின் சாவு முழு எண்ணில் முடிகிறது. காற்றின் வேகம்? தட்டி வீடு விழுந்ததை வைத்து அமெரிக்க அளவுகோலால் ஒன்றும் சொல்ல முடியாது. 28 சாட்சிகளில் தட்டி வீடு கிடையாது. ஆனால் அதே வங்கதேசம் கடலோரத்தில் புயல் புகலிடங்களும் எச்சரிக்கைத் தொண்டர்களும் கொண்டு, 1970இல் லட்சக்கணக்கில் இருந்த புயல் சாவை 2007இல் ஆயிரங்களுக்குக் கொண்டுவந்தது. முடியாதது இல்லை. நாள்கணக்கில் எச்சரித்து வரும் புயலுக்குக் கட்டிய அந்த முறை, நிமிஷத்தில் இறங்கும் டொர்னாடோவுக்கு, உள்நாட்டுக் கிராமத்துக்கு, அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. அங்கே புகலிடம் வீட்டிலேயே, அல்லது கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும்.

நண்பருக்குக் கடைசியில் ‘டொர்னாடோ’ என்றே போடச் சொல்லிவிட்டேன். சொல்லைப் பற்றிய கவலை போய் வேறு கவலை வந்துவிட்டது. விழுந்த வீடுகளின் முன்னால் பட்டியலோடு நின்ற அனுபவம் உள்ள தோழர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ‘முழுச் சேதம்’, ‘பகுதிச் சேதம்’ என்ற இரண்டு கட்டத்தோடு அந்தத் தாள் முடிந்துவிடுகிறது. எதனால் கட்டியது, எதோடு பிணைத்திருந்தது, கீழே உள்ள மண் யாருடையது, போக வேறு இடம் இருந்ததா — இந்த நாலு கேள்விக்கும் அதில் இடமில்லை. கேட்காததை எழுத மாட்டார்கள். எழுதாததற்கு விதியும் வராது, நிதியும் வராது. அடுத்த முறை பட்டியல் எடுக்க வருகிறவரிடம் இந்த நாலையும் தாளின் ஓரத்திலாவது எழுதச் சொல்லி நிற்க வேண்டும். மாட்டேன் என்றால் நாமே ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.